பயந்த தங்கச்சியின் வேடம்

நேசமலர் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் மொன்றியலில், லாசாலில் பாண் சுடுகிற எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு காலில் பனிச் சப்பாத்தும் மறு காலில் வேலைச் சப்பாத்துமாக நின்றேன். தொலைபேசியில் அவருடைய மகன் றூபன். "அங்கிள், அம்மா காலமை போயிட்டா" என்றான். வாயில் எப்போதும் ஏதாவது ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் இரண்டாவது விஷயத்தைச் சொன்னான். மரண அறிவித்தலில் என்னென்ன வரவேண்டும் என்று அம்மா முன்கூட்டியே எழுதுவித்து வைத்திருந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்து, மட்டக்களப்பில் இருக்கும் பாக்கியம் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னானாம். அதில் ஒரு பெயரை எடுக்கச் சொல்லிப் பெரியம்மா அழுகிறாவாம். "எடுக்காட்டி தன்ர பேரையும் எடுக்கட்டாம் அங்கிள். தேவராசா எண்டு கிடக்கு. ஆர் அது?"

நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். இரண்டு காலிலும் இரண்டு விதமான சப்பாத்தோடு பேருந்தில் ஏறியிருக்கிறேன் என்பதைப் பாதி வழியில்தான் கண்டேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னவர் குணம் அண்ணை. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பை மனக்கசப்பில்லாமல் முடித்துக்கொண்டவன். எழுத்துப் பிழைகளை அவர் திருத்துவார். மற்றப் பிழைகளைத் தொடவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள். கோயிலில் செருப்புகளை நிரையாக அடுக்கி வைக்கிற அந்த மெலிந்த பொம்பிளையை அறிவீர்கள். தேவராசாவை அறியமாட்டீர்கள். பெற்ற மகனுக்கே தெரியாமல் இருந்தது.

நானும் அக்காவும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே ஓடும் பட்டியின் இரண்டு பக்கத்தில் நின்று பாண் அடுக்கியவர்கள். நான் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்பு. அவருடைய பேச்சை நான் நெளித்துக் கிண்டல் பண்ணுவேன், என்னுடைய "வாறன் போறன்"ஐ அவர் நெளிப்பார். நான் பத்துப் பகிடி விட்டால் ஒன்றுக்குச் சிரிப்பார். அந்த ஒன்று எது என்று முதலே எனக்குப் பிடிபடாது. அதனால் பத்தையும் விடவேண்டியிருந்தது.

சட்டம் என்றால் அவருக்கு உயிர். உயிர் என்று அப்போது நினைத்தேன். ஒரு மாசி மாதம் வேலை முடிந்து பேருந்துத் தரிப்புக்குப் போகிறோம். மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். வீதியில் வாகனம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் வெள்ளை. எதிர்ப்பக்கத்தில் எங்கள் பேருந்து வந்து நிற்கிறது. சமிக்ஞை சிவப்பு. அக்கா நின்றுவிட்டார். வாங்கோ அக்கா, ஒரு பூனைகூட இல்லை என்றேன். அசையவில்லை. பேருந்து போய்விட்டது. அடுத்தது வரும்வரை கால்மாற்றி ஆடிக்கொண்டு நின்றோம். இந்த நாட்டுக்காரனே இப்படிச் சட்டம் பார்க்கிறதில்லை, உங்களைத்தான் அடுத்த முறை பிரதமராக்கவேணும் என்று நான் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். அவர் சொன்னது ஒன்றுதான். "ஆரும் பாத்துக்கு நிப்பாங்க மனே."

யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பகிடிக்காரன் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்பதில்லை. அவனிடமும் ஒருவரும் கேட்பதில்லை. அதில் இருக்கிற சுகம் அப்படி.

அரசாங்கக் கடிதம் வந்தால் உறையைத் திறக்கமாட்டார். சமையலறை மேசையில் தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பார். நான் போய்த் திறப்பேன். எனக்கும் பிரெஞ்சு தெரியாது என்பது வேறு கதை. இரண்டு பேரும் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம், றூபன் பள்ளிக்கூடத்தால் வரும்வரை. மருத்துவ அட்டை புதுப்பிக்கிற கடிதமாக இருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா கதிரையில் முழுதாகச் சாய்ந்து இருப்பார்.

இப்படிப்பட்டவரை நாடகத்துக்கு இழுத்தது நான்தான். குணம் அண்ணை டாக்சி ஓட்டுகிறவர், டொலார்ட் பகுதியில் வீடு. ஆள் ஏறாத நேரத்தில் வண்டிக்குள் இருந்து புத்தகம் வாசிப்பார். கிரேக்க நாட்டின் மிகப் பழைய நாடகம் ஒன்றைப் பிரெஞ்சில் வாசித்து, எங்கள் தமிழில் தானே எழுதிக்கொண்டு வந்தார். கதை இதுதான். ஒரு நகரத்தில் இரண்டு சகோதரர்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்று சண்டைபிடித்துச் செத்துப்போகிறார்கள். நகரத்தைக் காத்தவனுக்கு அரச மரியாதை. எதிர்த்து வந்தவனின் உடம்பை ஒருவரும் தொடக்கூடாது, புதைக்கக்கூடாது, அழக்கூடாது. மீறினால் மரணம். இது ராசாவின் கட்டளை. செத்தவர்களுக்கு இரண்டு சகோதரிகள். அக்காக்காரி மீறிப் போய் மண் போடுகிறாள். தங்கச்சிக்காரி பயந்து நிற்கிறாள். ஒரு காவல்காரன் அக்காக்காரியைப் பிடித்துக் கொடுக்கிறான்.

காவல்காரன் நான். அவன் தன் தோலைக் காப்பாற்றுவதற்காக வாய் ஓயாமல் கதைக்கிற ஆள், உனக்கு நடிக்கவே தேவையில்லை என்றார் குணம் அண்ணை. ராசா அவரே. எந்த நாடகம் போட்டாலும் ராசா அவர்தான், அது உங்களுக்குத் தெரியும்.

லாசாலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் ஒத்திகை. ராசா கட்டளை வாசிக்கும்போது ஊர்ப் பெரியவர்களாக ஆறு பேர் நிற்கவேண்டும். அதிர்ச்சி காட்டுங்கோ என்று குணம் அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் காட்டவில்லை. ஆறு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கையை முன்னால் கட்டிக்கொண்டு, ஒரே மாதிரி நின்றார்கள். யாழ்ப்பாணத்தவர், திருகோணமலையார், மட்டக்களப்பார் என்று வித்தியாசம் இல்லை. ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒருவர், "ஊரில அப்பிடித்தானே நிண்டனாங்கள்" என்றார். குணம் அண்ணை பிறகு அந்த இடத்தைத் திருத்தவில்லை.

தேநீர் நேரத்தில் வாக்குவாதம் நடக்கும். அண்ணை ராசாவை விட்டுக்கொடுக்கமாட்டார். சண்டை முடிந்த ஊரில் ஒரு சொல் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு ஆளுக்கொரு சட்டம் என்று ஊர் சிதறிப்போகும், ராசாவுக்கும் அந்தச் செத்தவன் சகோதரியின் மகன்தானே, ராசாவுக்கு வலியில்லையா என்பார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருந்தது. அக்காக்காரியாக நடிக்க வந்த அபி என்ற பிள்ளை, இங்கே பிறந்தவள், குடும்பமா நாடா என்றால் குடும்பம்தான் என்று பிரெஞ்சு கலந்த தமிழில் பாய்வாள். நேசமலர் அக்கா கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் மட்டும் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அண்ணே, ராசாவுக்கு உசிரோட இருக்கிறவனோட கோவமெண்டா விளங்குது. செத்தவனோட என்னத்துக்கு இன்னும் கோவம்?" குணம் அண்ணை தன் பிரதியைத் திறந்து ராசாவின் வசனங்களைப் புரட்டிப் பார்த்தார்.

உண்மையில் அக்காக்காரி வேடம் நேசமலர் அக்காவுக்குத்தான் முதலில் வந்தது. குரல் அவருக்கு அப்படி. அவர் மாட்டேன் என்றுவிட்டார். தங்கச்சிக்காரியைத் தந்தால் செய்கிறேன், இல்லாவிட்டால் தேநீர் மட்டும் போடுகிறேன் என்றார். அறுபதை நெருங்குகிற பொம்பிளை தங்கச்சியாகவும் இருபது வயதுப் பிள்ளை அக்காவாகவும் நடிப்பது எப்படி என்று குணம் அண்ணை தலையில் கைவைத்தார். ஞாயிறுகளில் மட்டும் எனக்குக் கிடைக்கிற மனைவியின் வண்டியில் அக்காவை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, நல்ல பாகத்தை விட்டுப்போட்டு இரண்டு காட்சியோடு மறைகிற பாகத்தை எடுத்திருக்கிறியள், வசனம் பாடமாக்கப் பஞ்சியோ என்று நான் நெளித்தேன். "அந்த அக்காக்காரிய எனக்குத் தெரியாது மனே" என்றார். "தங்கச்சிக்காரியத் தெரியும்."

பிறகு அவராகவே சொன்னார். தேவராசா அவருக்குத் தம்பி. பதினெட்டு வயது. ஒரு காலையில் அவனைச் சந்தியில் போட்டிருந்தார்கள். துரோகி என்று எழுதிய மட்டை ஒன்று பக்கத்தில். உடம்பைத் தொடக்கூடாது, வீட்டார் வரக்கூடாது, அழுகுரல் கேட்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். சொன்னவர்கள் யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊர்களை யார் ஆள்கிறார்கள் என்பது மாதத்துக்கு மாதம் மாறியது. நான் ஒரு பெயரை எழுதினால் நீங்கள் அந்தப் பெயரைப் பற்றித்தான் கதைப்பீர்கள், தேவராசாவைப் பற்றிக் கதைக்கமாட்டீர்கள்.

சந்தி அக்காவின் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அப்பா கதவைச் சாத்தினார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவரும். புகை எழும்பாத வீடு துக்க வீடு என்று தூரத்தில் நிற்கிறவனுக்கும் விளங்கும். அதனால் அப்பா அடுப்பை மூட்டச் சொன்னார்.

"நான்தான் மூட்டின. புகை நல்லா எழும்பட்டுமெண்டு ஈர விறகு வச்சன். சோறாக்கி, எல்லாரும் இருந்து திண்டம் மனே. அம்மாவும் திண்டா."

அதற்குப் பிறகு, தேவராசா வெளிநாட்டுக்குப் போனவன், தொடர்பில்லை என்று ஊருக்குச் சொன்னார்கள். உடம்பு கிடந்த சந்தியால் தினமும் போய்வருகிற ஊருக்குத்தான் அப்படிச் சொன்னார்கள். ஊரும் ஓம் ஓம் என்று கேட்டது. அப்பா செத்தபோது போட்ட அறிவித்தலில் இரண்டு மகள்மாரின் பெயர் மட்டும். அம்மா செத்தபோதும் அப்படித்தான். கட்டளை போட்டவர்கள் போய், அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் போய், கட்டளை மட்டும் அந்த வீட்டுக்குள் இருந்தது.

அடுத்த ஞாயிறு வண்டிக்குள் நான் என் கதையைச் சொன்னேன். இதற்கு முதல் என் மனைவிக்கு மட்டும் சொன்னது. இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலும் ஒரு சந்தி. எனக்குப் பதினாறு வயது. காவல் நிற்பது வீட்டுக்கு ஒருவர் என்று முறை. அன்றைக்கு எங்கள் வீட்டு முறை, நான் போனேன். கையில் ஒரு கொட்டன் தடியைத் தந்து, கிட்ட ஒருத்தரும் வரக்கூடாது என்றார்கள். யாருடைய உடம்பு என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பெட்டை வந்தாள், என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். கக்கத்தில் மடித்த படுக்கை விரிப்பு ஒன்று. நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. எனக்கு முன்னால் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, அந்த விரிப்பைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டிக் காட்டினாள். நான் கொட்டனை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கி, போ என்றேன். ஆட்களைச் சிரிக்கவைக்கிற இந்த வாயால்தான் சொன்னேன். பிறகு மத்தியானம் உடம்பை ஏற்ற ஒரு உழவு இயந்திரம் வந்தது, எனக்கு முறை முடிந்தது, வீட்டுக்குப் போய்க் குளித்தேன். இன்றைக்கும் கடையில் துணி மடித்து வைத்திருக்கிற பக்கம் நான் போவதில்லை. மனைவி தனியாகத்தான் போவாள்.

சொல்லி முடிக்கும்போது வண்டியைத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அக்கா முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்விடுவார், இனி என்னோடு கதைக்கமாட்டார் என்று நினைத்தேன். நினைத்தது என்ன, அதுதான் சரி என்றும் பட்டது.

"அவள் கிறுகிப் போயிட்டாளா?" என்று கேட்டார்.

ஓம், திரும்பிப் போயிட்டாள் என்றேன்.

"நான் போகவேயில்ல மனே."

பிறகு உள்ளே போய் அவர் தங்கச்சிக்காரிக்கு வசனம் சொன்னார், நான் காவல்காரனுக்குச் சொன்னேன்.

நாடகம் இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் எழுதியபடி. இரண்டாம் நாள் வந்தவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள், அல்லது குணம் அண்ணை சொல்வது போல ஏமாந்தவர்கள். மேடையின் நடுவில் மாச் சாக்கில் நான் செய்த உடம்பு கிடக்கிறது. நான் தும்புத்தடிக் கம்போடு காவல் நிற்கிறேன். அபி மண் சட்டியோடு வருகிறாள். தங்கச்சிக்காரி அந்தக் காட்சியில் இல்லை. ஆனால் நேசமலர் அக்கா திரைக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை, அழவில்லை, பாண் பட்டிக்கு வேலைக்கு வருகிற நடை. அபியின் சட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். சாக்குக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

நான் "நில்" என்று கத்தவேண்டிய இடம் அது. கம்பை ஓங்கவேண்டும். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது. திரைக்குப் பின்னால் ராசா வேடத்தில் குணம் அண்ணை, பிடியடா, பிடியடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது எனக்குக் கேட்கிறது. நான் கம்பை நிலத்தில் வைத்தேன். திரும்பி நின்றேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். மண் விழுகிற சத்தம் கேட்டது. சாக்கில் மண் விழுவது பெரிய சத்தமில்லை. மூன்று முறை கேட்டது.

பிறகு அக்கா எழுந்து என் பக்கத்தால் போகும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்ப புடி மனே" என்றார். நான் எழுதியபடி அபியைப் பிடித்தேன். அவள் பாவம், பயத்தில் எல்லா வசனத்தையும் பிரெஞ்சிலேயே சொல்லிவிட்டாள்.

குணம் அண்ணைக்கு வந்த கோபம் உங்களில் கொஞ்சப் பேருக்கு ஞாபகம் இருக்கும். நாடகத்தின் முள்ளந்தண்டையே முறித்துப்போட்டீர்கள், தங்கச்சிக்காரி மண் போட்டால் பிறகு இது என்ன நாடகம் என்று அந்த மண்டபமே அதிரக் கேட்டார். அக்கா முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எத்தின ஆயிரம் வருசமா அந்தப் புள்ள பயந்துக்கு நிக்குது. ஒரு நாளைக்கு விடுங்களன் அண்ணே." அண்ணை கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். பனிக்குள் நின்றுவிட்டு வந்து, எல்லோருக்கும் முன்னால், நாளைக்கும் ஒரு நாள் போட மண்டபம் கிடைத்தால் நல்லாயிருக்கும் என்றார். கிடைக்கவில்லை.

நோய் வந்த பிறகு, வைத்தியசாலைக் கட்டிலில் வைத்து அந்த அறிவித்தலை எனக்குச் சொல்லி எழுதுவித்தார். என்னைவிட மோசமான கையெழுத்துக்காரன் இந்த மொன்றியலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம், இதுக்குக் காவல் நிற்க நீதான் வேண்டும் என்றார். பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெற்றோர், முன்பே காலமான கணவர், மகன். பிறகு, "பாக்கியம், தேவராசா ஆகியோரின் அன்புச் சகோதரியும்" என்று சொல்லி நிறுத்தினார். தேவராசாவுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா என்று கேட்டேன். வேண்டாம், பாக்கியம் அக்கா அங்கே ஊரில் இருக்கிறா, பேர் மட்டும் வந்தால் போதும் என்றார். அந்தப் பயம் கடைசிவரை அவரை விடவில்லை. அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

அந்தத் தாள்தான் றூபனின் கையில் இருந்தது. நான் போய் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அழவில்லை. எனக்கு ஒரு மாமா இருந்தவர் என்று பிரெஞ்சில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு, பெரியம்மா சொல்வதைத் தட்டமுடியாது அங்கிள், இனி எனக்கு இருப்பது அவ மட்டும்தான் என்றான். அவன் சொன்னதும் சரி. உயிரோடு இருக்கிற பெரியம்மாவுக்கா, செத்துப்போன அம்மாவுக்கா அவன் விசுவாசமாக இருப்பது? அறிவித்தல் போடுகிறவர் இரண்டு தடவை தொலைபேசி எடுத்துவிட்டார், மத்தியானத்துக்குள் சொல்லுங்கோ என்று.

நான் மட்டக்களப்புக்குத் தொலைபேசி எடுத்தேன். பாக்கியம் அக்காவோடு அதற்கு முதல் கதைத்ததில்லை. குரல் அப்படியே நேசமலர் அக்காவின் குரல். அவ தன் பக்கத்தைச் சொன்னா. பேரனுக்கு இப்போதுதான் அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது. இணையத்தில் போட்டால் ஊர் முழுக்கப் பார்க்கும். வெளிநாட்டில் இருக்கிறவன் என்று இத்தனை வருடம் சொன்ன வாயால் இனி என்னத்தைச் சொல்வது. நீங்கள் அங்கே பத்திரமாக இருந்துகொண்டு எழுதுவீர்கள், நாங்கள் இங்கே வீதியில் இறங்கவேண்டும். எல்லாம் ஞாயம்தான். சரி அக்கா, பேரை எடுக்கச் சொல்கிறேன் என்று சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் அது வரவில்லை, வேறொன்று வந்தது. அன்றைக்குத் தான் ஈர விறகு வைத்துச் சோறாக்கியதாக நேசமலர் அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறா என்றேன்.

பாக்கியம் அக்கா கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"அவவா சொன்ன, தான் ஆக்கினனெண்டு?"

ஓம் அக்கா என்றேன்.

"அவ பொய் சொல்லிருக்கா. அவ மூலையில சுருண்டு கிடந்தவ. அடுப்பு மூட்டின நான். ஈர விறகு வச்ச நான்."

யார் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியாது. நாற்பது வருடத்துக்குக் கிட்ட இரண்டு சகோதரிகள் இரண்டு நாட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல், அதே ஒரு பானைச் சோற்றை ஆளுக்கு ஆள் தன் தலையில் சுமந்திருக்கிறார்கள். பாக்கியம் அக்கா அழுதா. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை, வெளியே கேட்காமல் அழப் பழகினவர்களின் அழுகை. பக்கத்தில் யாரோ என்ன அம்மம்மா என்று கேட்பதும், ஒண்டுமில்ல என்று அவ சொல்வதும் கேட்டது. பிறகு தெளிவான குரலில் கதைத்தா.

"போடச் சொல்லுங்க தம்பி. பேர மட்டும் போடாதீங்க. காலஞ்சென்ற எண்டு போடுங்க. அவன் எங்கயும் போகல்ல. செத்தவன்."

அப்படியே போட்டார்கள். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். 'பாக்கியம், காலஞ்சென்ற தேவராசா ஆகியோரின் அன்புச் சகோதரியும்'. அடியில், தொடர்புக்கு, றூபனின் இலக்கத்தோடு என்னுடைய இலக்கமும். ஊர்ப் பெரியவர்களின் தமிழுக்கு அவன் ஈடுகொடுக்கமாட்டான் என்று என்னுடையதையும் கேட்டார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் உறவு என்ன என்று போடுவது என்று அறிவித்தல்காரர் கேட்டார். சகோதரன் என்று போடட்டுமா, வழமையில் அப்படித்தான் போடுவது என்றார். அதற்கு மேல் வரியில் தேவராசா இருக்கிறான். அவனுக்குக் கீழே அந்தச் சொல்லோடு நிற்க எனக்கு என்ன உரிமை? நண்பர் என்று போடச் சொன்னேன்.

அன்றிலிருந்து அழைப்புகள் வருகின்றன. லண்டன், சுவிஸ், மட்டக்களப்பு, ஒருமுறை நோர்வே. முதலில் துக்கம் விசாரிப்பார்கள். எப்படிச் செத்தவா, மகன் என்ன செய்கிறான் என்று கேட்பார்கள். பிறகு, எல்லோரும் ஒரே மாதிரி, பக்கத்தில் யாரும் இருப்பது போலக் குரலைத் தாழ்த்தி, அந்தத் தேவராசா என்பது என்று இழுப்பார்கள். சிலர் அவனோடு படித்தவர்கள். ஒரு அம்மா, பெயர் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை, அந்தப் பெயரை மட்டும் இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

நேசமலர் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த வேலைதான். பாண் பட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வந்தாலும் எடுத்துவிடுகிறேன். மேற்பார்வைக்காரன் முறைக்கிறான், முறைக்கட்டும். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டும் என்பதற்காக உரக்கத்தான் சொல்கிறேன்.

"ஓம், அவவுக்கு ஒரு தம்பி இருந்தவர்."